அம்மாவும் சிவப்புப் பட்டியும்

இரவு எட்டு மணிக்குப் பிறகு எங்கட வீட்டில் செய்தி போடுறதில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்புக் காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டினார்களே, அன்றைக்குப் பிடித்த படபடப்பு அம்மாவுக்கு இன்னும் போகவில்லை. 'சற்றுமுன்' என்று சிவப்புப் பட்டி ஓடினாலே ரிமோட் பிடித்த கை நடுங்கும். பிறகெங்க நித்திரை?

இதைப் பலவீனம் என்று சொல்லாதேங்கோ. 2013 பொஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வொன்றில், நாளுக்கு ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமல் அந்தச் செய்திகளிலேயே கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் நின்றவர்களைவிட மன அழுத்தம் கூடுதலாக இருந்தது.

இப்ப காலையில் பேப்பர் மட்டும். பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் நடை. சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: இரத்தம் தெரியிற வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதேங்கோ. மனசு தாங்காட்டி எந்நேரமும் 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.