மரியான் நார்த்: செடியை அதன் நிலத்தோடு வரைந்தவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவர ஓவியம் என்றாலே, வெள்ளைத் தாளின் நடுவே தனித்து நிற்கும் ஒரு கிளையும், அதன் ஓரத்தில் பிளந்து காட்டப்பட்ட பூவும் விதையும்தான் கண்முன் வரும். இனத்தை அடையாளம் காண அது போதும். ஆனால் அச்செடி பாறையிடுக்கில் வளர்ந்ததா, சதுப்பில் வளர்ந்ததா என்பது அதில் தெரியாது. அந்தக் குறையை எண்ணெய் வண்ணத்தால் தீர்த்தவர் என்பதாலேயே ஆங்கிலேய ஓவியர் மரியான் நார்த்தை (1830–1890) நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

தந்தை 1869-இல் மறைந்தபின், திருமணத்தை விரும்பாத அவர் 1871-இல் வட அமெரிக்காவுக்குப் புறப்பட்டு, அடுத்த பதினான்கு ஆண்டுகளில் பிரேசில், போர்னியோ, ஜாவா, இலங்கை, இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா எனச் சுற்றினார். நாடாளுமன்ற உறுப்பினரின் மகளான அவருக்குக் குடும்பச் செல்வமும் அறிமுகக் கடிதங்களும் ஆளுநர் மாளிகைகளின் கதவைத் திறந்துவிட்டன. அதைச் சொல்லாமல் துணிவை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது.

1876-இல் போர்னியோத் தீவின் சரவாக்கில் அவர் வரைந்த குடுவைத் தாவரத்தைப் பாருங்கள். பச்சை இலைகளுக்கிடையே கனத்துத் தொங்கும் குடுவைகளின் மேல் செம்புள்ளிகள் இறைந்து கிடக்கின்றன. வாயைச் சுற்றிய அகன்ற விளிம்பில் கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. அறிவியல் அதுவரை அறியாத இனம் அது. ஓவியத்தைக் கண்ட இங்கிலாந்தின் வீச் நாற்றங்கால் நிறுவனத்தார் அதைத் தேடி ஆளனுப்பினர். கிடைத்த செடிக்குத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் நெபெந்தஸ் நார்த்தியானா என்று பெயரிட்டார். நார்த்தின் படங்களில் அழகுதான் உண்டு, அறிவியல் இல்லை என்பவர்களுக்கு இதைவிட வேறு மறுமொழி தேவையில்லை.

தம் செலவிலேயே கட்டி, லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு நார்த் அளித்த காட்சிக்கூடம் 1882-இல் திறக்கப்பட்டது. சட்டத்தோடு சட்டம் உரசும்படி அங்கே 832 ஓவியங்கள் நாடுவாரியாகத் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே அவர் திரட்டிவந்த 246 வகை மரப்பலகைகள் சுவரை மூடியுள்ளன. இந்த நெரிசலைச் சிலர் குறையாகக் கருதலாம். காடு என்பதே நெரிசல்தான் என்பதால், எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

கூடம் திறந்த பின்னும் அவர் ஓயவில்லை. ஆரக்கேரியா என்னும் ஊசியிலை மரத்தை அதன் சொந்த மலையில் வரைவதற்காகவே, உடல் நலிந்திருந்த நிலையிலும் 1884-இல் சிலிக்குக் கப்பலேறினார். இங்கிலாந்துச் செல்வர்கள் புல்வெளியில் ஒற்றையாக நட்டுவைத்த அலங்கார மரம் அது. அவரது ஓவியத்திலோ, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த குவானக்கோ விலங்குகள் நடுவே நிற்க, மலைச்சரிவில் கூட்டமாக வளர்ந்திருக்கிறது.