மெட்டாரஸ் போரும் வழிதவறிய ஒரு கடிதமும்

ரோமானியரின் உளவுத் திறனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கி.மு. 207-இல் இத்தாலியின் மெட்டாரஸ் ஆற்றருகே ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இடையே நடந்த மெட்டாரஸ் போரிடமே திரும்பிச் செல்கிறது. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்த கார்த்தேஜ் தளபதி ஹஸ்ட்ரூபால், தெற்கு இத்தாலியில் இருந்த அண்ணன் ஹன்னிபாலுக்கு, மத்திய இத்தாலியின் அம்ப்ரியாவில் சந்திக்கலாம் என்று எழுதிய கடிதத்தை ஆறு குதிரைவீரர்களிடம் கொடுத்தனுப்பினான். ஏறக்குறைய இத்தாலி முழுவதையும் கடந்துவிட்ட அவர்கள், டாரென்டம் அருகே வழிதவறி, தீவனம் சேகரிக்கச் சென்ற ரோமானியரிடம் அகப்பட்டார்கள். திட்டமிட்ட உளவு அன்று, வெறும் அதிர்ஷ்டம்தான். ஆனால் அதைப் பயன்படுத்திய விதம் அதிர்ஷ்டம் அன்று.

கடிதத்தைப் படித்த, ரோமின் இரு உயர் ஆட்சித் தலைவர்களான கான்சல்களுள் ஒருவனான கயஸ் கிளாடியஸ் நீரோ (பிற்காலப் பேரரசன் நீரோ வேறு), செனட்டின் அனுமதிக்குக் காத்திராமல், 6,000 காலாட்படையினரையும் 1,000 குதிரைவீரர்களையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஹன்னிபால் அறியாவண்ணம் வடக்கே விரைந்தான். சக கான்சல் லிவியஸின் பாசறைக்குள் இரவில் நுழைந்த அவர்கள், புதுக் கூடாரம் எதுவும் அடிக்காமல், அங்கிருந்தவர்களின் கூடாரங்களிலேயே தங்கினார்கள்.

இவ்வளவு மறைத்தும் ஹஸ்ட்ரூபால் கண்டுபிடித்துவிட்டான் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன்பு காணாத பழைய கேடயங்கள், இளைத்த குதிரைகள், எல்லாவற்றுக்கும் மேலாக கான்சல் ஒருவருக்கு ஒருமுறை என ஒரே பாசறையில் இருமுறை ஒலித்த எக்காளம் ஆகியவற்றிலிருந்து இரண்டு கான்சல்களும் வந்துவிட்டதை அவன் ஊகித்தான். இரவோடு இரவாகப் பின்வாங்கியும் ஆற்றைக் கடக்க இயலாமல், மறுநாள் போரில் மடிந்தான். ஹன்னிபாலுக்கோ, தம்பியின் வெட்டுண்ட தலை தன் காவலரண் முன்னால் எறியப்பட்ட பிறகே செய்தி தெரிந்தது.