கெளுத்திப் படகுக்குக் கழற்றி மாட்டும் ராடு ஹோல்டர்: செய்து பார்த்த அனுபவம்

கெளுத்திக்குத் தூண்டில் போடும்போது ராடு பெரும்பாலான நேரம் கையில் இருப்பதில்லை. சர்க்கிள் முள் (நுனி உள்பக்கமாக வளைந்த தூண்டில் முள்) போட்டால் வெட்டி இழுக்கவும் கூடாது. மீன் இரையை எடுத்துத் திரும்பி நகரும்போது ராடு மெல்ல வளைய வேண்டும், அந்த இழுப்பிலேயே முள் வாயோரத்தில் ஏற வேண்டும். அதுவரை மீனைத் தாங்கி நிற்பது ஹோல்டர்தான். ஆகவே அது ஆடக்கூடாது, திரும்பக்கூடாது. ஆனால் வலை வைத்து மீனை ஏற்றும்போதும், கரையோரம் அணையும்போதும், படகுக்கு உறை போடும்போதும் அது அங்கே இருக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிப்பதுதான் இங்கே வேலை. ராடை வைக்கும் குழாயை யாரும் செய்துவிடலாம். கழற்ற வரும் தண்டும் அது இறங்கும் சாக்கெட்டும்தான் கவனத்தைக் கேட்பவை.

முதலில் கணக்கு

ரீலின் டிராக், அதாவது தூண்டில் நரம்பு வழுக்கி ஓடத் தொடங்கும் இழுப்பு, 7 கிலோவில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். 2.4 மீட்டர் ராடு நன்றாக வளைந்தபின் அதன் நுனி ஹோல்டரிலிருந்து கிடைமட்டமாக 1.5 மீட்டர் அளவில் நிற்கும். 7 × 1.5 = 10.5 கிலோ-மீட்டர் (தூரம் அல்ல, கிலோவை மீட்டரால் பெருக்கிய வளைக்கும் விசை). இது மீனால் வரும் சுமை. உண்மையான சோதனை வேறு. படகு நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டிருக்கும்போது முள் அடியில் கிடக்கும் மரத்தில் மாட்டி, டிராக்கும் இறுக்கமாக இருந்தால், நரம்பு அறுபடும் வரை சுமை ஏறிக்கொண்டே போகும். 25 கிலோ நரம்பு என்றால் 37.5 கிலோ-மீட்டர். மீனுக்கு வேண்டியதைப் போல மூன்றரை மடங்கு. எல்லா அளவுகளையும் இந்த இரண்டாவது எண்ணுக்கே எடுத்தோம்.

தண்டின் வளைவு வலு அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 19 மி.மீ. உருட்டுக் கம்பி, 25 மி.மீ. கம்பியின் வலுவில் 44 சதவீதம்தான். 19 மி.மீ. தண்டு மீனுக்குத் தாங்கும், மரத்துக்கு வளைந்துவிடும். வளைந்த தண்டு சாக்கெட்டைவிட்டு வெளியே வராது என்பது இன்னும் பெரிய தொல்லை. 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 25 மி.மீ. தண்டுக்கு 37.5 கிலோ-மீட்டர் என்பது வளையத் தொடங்கும் எல்லை, அவ்வளவே. அதனால் 25 எடுத்தோம். முள்ளுக்கு மேலே கட்டும் துண்டு நரம்பை மெயின் நரம்பைவிட மெலிதாக வைத்து, முதலில் அறுபட வேண்டியது எது என்பதையும் முடிவு செய்துகொண்டோம்.

இடம் குறித்தல்

துளை போடும் முன் ஒரு மீட்டர் பி.வி.சி. குழாயைத் துண்டு போட்டு, டேப்பால் படகின் விளிம்பில் ஒட்டி, எல்லா ராடுகளையும் ரீலோடு வைத்துப் பார்த்தோம். இதைத் தவிர்க்கக் கூடாது. தாளில் சரியாக இருந்த இடைவெளி, ரீல் கைப்பிடி சுற்றும்போது போதாமல் போகிறது. இரண்டு ஹோல்டருக்கு நடுவே 50 செ.மீ.க்குக் குறைந்தால் ஒரு ராடை எடுக்கும் கை அடுத்ததைத் தட்டும். பின்மூலைகளில் வைப்பவை, எஞ்சினைப் பக்கவாட்டில் முழுவதும் திருப்பி நிறுத்தியும் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சாய்வையும் இந்தக் கட்டத்தில்தான் முடிவு செய்தோம். படகு நகரும்போது கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி நன்றாக இருக்கிறது. ராடு தாழ்வாக இருப்பதால் மீன் இழுக்கும்போது நுனி உடனே இளகிக் கொடுக்கிறது. நங்கூரம் போட்டு வேகமான நீரோட்டத்தில் நிற்கும்போது 60 டிகிரிக்குத் தூக்கினால் நரம்பின் பெரும்பகுதி நீருக்கு மேலே இருக்கும், ஓட்டம் அதை அடித்துக்கொண்டு போகாது. கீல் வைத்துச் சாய்வை மாற்றும் அமைப்பை வேண்டாம் என்று விட்டோம். ஒற்றை போல்டின் இறுக்கத்தை நம்பும் கீல், சுமையில் மெல்லக் கீழே இறங்கும். கழற்றி மாட்டுவதே நோக்கம் என்றால் 30 டிகிரிக்கு ஒரு ஜோடி, 60 டிகிரிக்கு ஒரு ஜோடி எனத் தனித்தனியே வெல்ட் செய்து, வேண்டியதை இறக்கிக்கொள்வதே நல்லது. சாக்கெட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

சாக்கெட்

விளிம்பின் மேல்தட்டில் சாக்கெட்டை நிறுத்தி வைத்தால், ஹோல்டரைக் கழற்றிய பிறகும் 15 செ.மீ. குட்டைக் குழாய் ஒன்று அங்கே நின்று வலையையும் நரம்பையும் பிடிக்கும். அதனால் உள்பக்கச் சுவரில், சாக்கெட்டின் வாய் விளிம்போடு மட்டமாக வரும்படி பொருத்தினோம். இதில் இன்னொரு நன்மை உண்டு. விளிம்பின் அகலம் 7, 8 செ.மீ.தான். ராடின் இழுப்போ அந்தக் குறுகலான பக்கமாகத்தான் வருகிறது. சுவரில் பொருத்தும்போது மேல் கீழ் போல்டுகளுக்கு இடையே 12 செ.மீ. கிடைக்கிறது.

வெளிப்பக்கமாக இழுக்கும்போது சாக்கெட்டின் மேல்பகுதி சுவரை அழுத்தும், கீழ்ப்பகுதி சுவரைவிட்டுப் பிரியப் பார்க்கும். 37.5 கிலோ-மீட்டரை 0.12 மீட்டரால் வகுத்தால் 312 கிலோ, கீழே உள்ள இரண்டு போல்டுகளுக்கும் ஆளுக்கு 156. எம்8 எஸ்.எஸ். போல்டுக்கு இது பெரிய சுமையில்லை. கிழிவதும் குழிவதும் 2, 3 மி.மீ. தகடுதான். சுவரின் மறுபக்கத்தில் 220 × 150 × 6 மி.மீ. அலுமினியப் பிளேட் கட்டாயம் வேண்டும். மூலைகளை உருட்டி விட வேண்டும், இல்லையென்றால் அந்த மூலையிலிருந்தே தகடு விரிசல் விடும். வெறும் வாஷர் போதாது. கை நுழையாத இடத்தில் ரிவெட் நட் (ஒரு பக்கமிருந்தே பொருத்தும் நட்) வைக்கலாம் என்று தோன்றும். மீனுக்கு நிற்கும், மரத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வரும்.

சாக்கெட்டுக்கு 1¼ இன்ச் ஷெட்யூல் 40 எஸ்.எஸ். குழாய் (ஷெட்யூல் எண் குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிப்பது): வெளிவிட்டம் 42.2, உள்விட்டம் 35.1 மி.மீ. நீளம் 160. இதை 160 × 100 × 6 மி.மீ. பிளேட்டில் நெடுக வெல்ட் செய்து, பிளேட்டில் 120 × 70 இடைவெளியில் நான்கு 8.5 மி.மீ. துளைகள். வாங்கும்போதே குழாய்க்குள் விரலைவிட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே நெடுக வெல்ட் வரப்பு இருந்தால் புஷ் (தண்டைச் சுற்றி அமரும் பிளாஸ்டிக் வளையம்) இறங்காது.

25 மி.மீ. தண்டை 1 இன்ச் ஷெட்யூல் 40 குழாயில் நேரடியாக விட்டாலே போதுமே என்ற கேள்வி வரும். அதன் உள்விட்டம் 26.6, இடைவெளி 1.6 மி.மீ. பார்வைக்குச் சின்னது. 150 மி.மீ. ஆழத்தில் 1.6 மி.மீ. ஆட்டம் என்றால் 2 மீட்டர் தள்ளி இருக்கும் ராடு நுனியில் 2 செ.மீ.க்கு மேல். அலை அடிக்கும்போதெல்லாம் மீன் கடித்தது போலவே நுனி துடிக்கும். போதாததற்கு எஸ்.எஸ். மீது எஸ்.எஸ். உரசும்போது மேற்பரப்புகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும், பிறகு சுத்தியல்தான்.

அதனால் பெரிய குழாய் எடுத்து அசிட்டால் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் புஷ் போட்டோம். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒவ்வொன்றும் 30 மி.மீ. நீளம், உள்விட்டம் 25.3. நுனி ஆட்டம் 4 மி.மீ.க்கு இறங்கியது. நடுவில் உள்ள காலி இடத்தில் மணல் தங்கிக் கீழே வடியும். நைலான் வேண்டாம். நைலான் நீரை உறிஞ்சி ஊதும், உலர்ந்திருக்கும்போது இலகுவாகப் போன தண்டு, ஊறியபின் இறுகிவிடும். எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பரவாயில்லை, ஆனால் கடைசலில் அளவு நிற்பது அசிட்டாலில்தான். எல்லா வெல்டிங்கும் முடிந்து ஆறிய பிறகே புஷ்ஷை அடிக்க வேண்டும். வெல்ட் சூட்டில் குழாய் சற்று நீள்வட்டமாகும், அதன் பிறகு அளந்து கடைந்தால்தான் சரியாக வரும். சூடேறிய அசிட்டாலின் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பது இன்னொரு காரணம். ஒவ்வொரு புஷ்ஷையும் பக்கவாட்டில் ஒரு எம்4 ஸ்க்ரூவால் பூட்டினோம்.

திரும்பாமல் நிறுத்துவது

உருண்டைத் தண்டு தானாகத் திரும்பும். சாக்கெட்டின் வாயில் பற்கள் வெட்டி, தண்டின் காலரில் (தண்டைச் சுற்றிய வளையத்தில்) உள்ள பின் அதில் உட்காரும்படி செய்தோம். வாயிலிருந்து 12 மி.மீ. கீழே 8.5 மி.மீ. துளையை இரு சுவரையும் ஊடுருவிப் போட்டு, 45 டிகிரி திருப்பித் திருப்பி நான்கு முறை செய்தால் எட்டுத் துளைகள். மேலிருந்து ஹாக்சாவால் இரு பக்கமும் அறுத்தால் எட்டுப் பள்ளங்கள். மேல் புஷ் வாயிலிருந்து 18 மி.மீ. கீழேதான் தொடங்க வேண்டும். 30 டிகிரிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பள்ளம் வெட்டினால் இடையில் மிஞ்சும் பல் 2.5 மி.மீ.தான், மடங்கிவிடும். எட்டு வெட்டினால் 8 மி.மீ. பல் கிடைக்கிறது.

பின்னுக்காகத் தண்டில் துளை போட வேண்டாம். சாக்கெட்டின் வாய்தான் தண்டுக்கு வளைவு மிக அதிகமாக விழும் இடம். 42 மி.மீ. காலரைத் தண்டில் வெல்ட் செய்து, 8 மி.மீ. கம்பித் துண்டுகள் இரண்டை காலருக்கு அடியில் எதிரெதிராக வைத்து வெல்ட் செய்தோம்.

எகிறி வராமல் இருக்க, சாக்கெட்டின் அடியிலிருந்து 50 மி.மீ. மேலே எம்10 நட்டை வெல்ட் செய்து, அதில் கைப்பிடி ஸ்க்ரூ. அதற்கு நேராகத் தண்டைச் சுற்றி 11 மி.மீ. அகலம், 2 மி.மீ. ஆழத்தில் பள்ளம் கடைந்தால், ஸ்க்ரூவை அரைச்சுற்று தளர்த்திச் சற்றே தூக்கித் திருப்பலாம் என்று எதிர்பார்த்தோம். அந்தப் பள்ளத்தில் அதற்கு இடமில்லை. பல்லைவிட்டு வெளிவர 17 மி.மீ.யாவது தண்டு எழும்ப வேண்டும். பள்ளத்தை 28 மி.மீ. அகலத்துக்குக் கீழ்நோக்கி நீட்டியபின் ஹோல்டரை வெளியே எடுக்காமலே திசை மாற்ற முடிகிறது. கீழ்ப்பகுதியில் வளைவுச் சுமை குறைவு என்பதால் இந்தப் பள்ளம் தண்டைப் பலவீனப்படுத்துவதில்லை. ஸ்க்ரூவை ஒரு கயிற்றுத் துண்டில் கட்டி வைக்க வேண்டும், எஞ்சின் அதிர்வில் கழன்றால் நேராகத் தண்ணீருக்குள்தான் போகும்.

குழாய்

ராடு அமரும் குழாய் 1½ இன்ச் ஷெட்யூல் 10 எஸ்.எஸ்.: 48.3 × 2.77, உள்விட்டம் 42.7. நீளம் 280. உள்ளே 1.5 மி.மீ. எச்.டி.பி.ஈ. தாளைச் சுருட்டி நுழைத்தால் 39.7 மி.மீ. மிஞ்சும். ராடின் ஈ.வி.ஏ. நுரைப் பிடியின் மிகத் தடித்த இடத்தைக் காலிப்பரால் அளந்து, அதைவிட 4 மி.மீ.யாவது கூடுதல் இருக்கட்டும்.

உள்ளே ரப்பர் ஒட்டுவதுதான் பலரும் செய்வது. ராடில் கீறல் விழாது என்பது உண்மை. ஆனால் மீன் தொங்கும்போது ராடை உருவிப் பாருங்கள். 10.5 கிலோ-மீட்டரில் குழாயின் வாயில் 44 கிலோ, அடிப்பகுதியில் 44 கிலோ அழுத்தம். வழுவழுப்பான எச்.டி.பி.ஈ. என்றால் 20 கிலோ அளவில் இழுத்து உருவலாம், ரப்பர் என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. எந்த உள்பூச்சாக இருந்தாலும், ரீலுக்கு முன்னால் உள்ள பிடியைத் தூக்கிச் சுமையை விடுவித்துவிட்டுப் பிறகு உருவ வேண்டும்.

அடியில் 8 மி.மீ. குறுக்குப் பின், அடைப்பு எதுவும் இல்லை, நீரும் சேறும் வடிய வேண்டும். பெய்ட்காஸ்டிங் ரீல் மேலே உட்காருவதால் சுமை வந்தவுடன் தலைகீழாகப் புரளப் பார்க்கும். வாயின் கீழ் உதட்டில் 22 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழத்தில் ஒரு வெட்டு போட்டால் ராடின் ட்ரிகர் (ரீலுக்கு அடியில் உள்ள விரல் கொக்கி) அதில் அமர்ந்து நிற்கும். அதற்கு மேல் ஆழம் வேண்டாம், முழுச் சுமையும் அந்த உதட்டில்தான்.

தண்டும் குழாயும் சேரும் இடத்தில் வளைவுக்கேற்ப வாய் வெட்டிப் பொருத்தி, அடியில் 50 × 50 × 6 மி.மீ. முக்கோணப் பட்டை. விரிசல் தொடங்குவது படகின் உள்பக்கம் பார்த்த வெல்ட் ஓரத்தில்தான். பட்டை அந்தப் பக்கம் இருக்கட்டும். வெல்ட் நீலம் பாய்ந்த இடங்களைப் பிக்ளிங் பேஸ்ட்டால் (அமிலப் பசையால்) சுத்தம் செய்யாவிட்டால் எஸ்.எஸ்.ஸும் துருவேறும். இரும்புக்குப் பயன்படுத்திய கம்பி பிரஷ் அருகில்கூட வரக்கூடாது. முடிந்த ஹோல்டர் ஒன்று சுமார் 2 கிலோ.

பொருத்தலும் சோதனையும்

அலுமினியப் படகு என்றால் எஸ்.எஸ். பிளேட்டுக்கும் சுவருக்கும் நடுவே 3 மி.மீ. எச்.டி.பி.ஈ. தாள், போல்டுக்குப் பிளாஸ்டிக் புஷ், வாஷர். உலோகம் உலோகத்தைத் தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். ஃபைபர் படகில் சுவருக்குள் நுரையோ கட்டையோ இருந்தால், 16 மி.மீ. துளை போட்டு எபாக்சி ஊற்றி, இறுகியபின் நடுவில் 8.5 துளைக்க வேண்டும். இல்லையேல் போல்டை இறுக்கும்போதே நடுப்பகுதி நசுங்கி நீர் ஏறும். சீலுக்கு பியூட்டைல் டேப் வைத்தோம், அடுத்த நாள் இன்னொரு முறை இறுக்கம் கொடுத்தோம். நைலாக் நட்டை எஸ்.எஸ். போல்டில் மெதுவாக, ஆன்டி-சீஸ் தடவியே ஏற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் பாதி வழியில் மரை பிடித்துக்கொள்ளும்.

சோதனைக்கு ராடு வேண்டாம். ஹோல்டரில் வலுவான இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி, கிடைமட்டமாக 1.5 மீட்டர் தூரத்தில் வாளியைத் தொங்கவிட்டு, படகைக் கரையில் கட்டி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே போக வேண்டும். முதலில் 10 லிட்டர். சுவரில் விரலை வைத்துப் பார்த்தால் தகடு துருத்துவது தெரியும். பிறகு வாளியோடு சேர்த்து 25 கிலோ. இறக்கியபின் குழாயின் நுனி முன்பிருந்த உயரத்துக்குத் திரும்பவில்லை என்றால் எது வளைந்தது என்று தேட வேண்டும். எங்களுடையதில் ஒரு சாக்கெட்டில் நுனி 8 மி.மீ. இறங்கியே நின்றது. காரணம் பின்பிளேட் சுவரின் வரப்பு ஒன்றின் மேல் ஏறி முழுமையாகப் படியாமல் இருந்ததுதான். பிளேட்டில் வரப்புக்குக் காடி வெட்டி மீண்டும் இறுக்கியபின் நுனி பழைய உயரத்துக்கே வந்தது.

இப்போது நான்கு சாக்கெட்டும் 30 டிகிரி ஹோல்டர்களும் தயார். கழற்றியிருக்கும்போது சாக்கெட்டின் வாயை மூட ரப்பர் மூடிகள் போட்டாயிற்று. 60 டிகிரி ஜோடிக்குத் தண்டுகள் கடைந்து வந்துவிட்டன, குழாய்களுக்கு வாய் வெட்டி டேக் (பிடித்து நிறுத்தும் புள்ளி வெல்ட்) வைப்பது அடுத்த வேலை.