பத்து மணிக்கு இஞ்சின் நிற்கும்

வீட்டுக் கம்ப்யூட்டர் கதையை எல்லாரும் 1975இல் வந்த ஆல்டேரில் தொடங்குவார்கள். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது, முன்பக்கம் சுவிட்சும் குட்டி விளக்கும்தான். 1977இல் ஆப்பிள் 2, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் வந்தன. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அந்தக் கதை வந்து சேர 1986 ஆகிவிட்டது. ஈப்போவில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த சித்தப்பா ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், 48 கே ஞாபகம். 1982இல் இங்கிலாந்தில் 175 பவுன். அந்த விலைக்கு அவர்களால் எப்படிக் கொடுக்க முடிந்தது என்றால், திரையையும் டிஸ்க்கையும் சேர்த்து விற்கவில்லை, உங்கள் வீட்டு டிவியிலும் கேசட் ரேடியோவிலும் சொருகிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் லயத்து வீட்டில் அந்த டிவி அம்மா கூட்டு (சீட்டு) கட்டி வாங்கியது, வாரம் ஒரு தமிழ்ப்படம் வரும்போது அதில் யாரும் கை வைக்க முடியாது.

பட்டன்கள் ரப்பர். முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய பாட்டி ஒன்றை அழுத்திப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, "இது நம்ம பால் இல்லடா" என்றார்.

கேம் ஏற்ற ஜே பட்டனைத் தட்டினால் 'லோட்' என்ற முழுச் சொல்லும் தானாக விழும். அப்புறம் கேசட்டை ஓட்டினால் கீச்சென்ற சத்தம், திரை ஓரத்தில் நீலமும் மஞ்சளும் கோடு கோடாக ஓடும். ஐந்து நிமிஷம் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்போம், ஏனென்றால் வால்யூம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கடைசியில் 'டேப் லோடிங் எரர்'தான்.

அதைவிடப் பெரிய எதிரி, லயத்துக்கு கரண்ட் கொடுக்கும் தோட்டத்து இஞ்சின். இரவு பத்துக்கு நிறுத்திவிடுவார்கள். பழைய பத்திரிகையைப் பார்த்து மூன்று மணி நேரம் தட்டிய புரோகிராம், லைட் போன நொடியில் போய்விடும், கரண்ட் இல்லாவிட்டால் அதற்கு ஞாபகமே கிடையாது. இரண்டு முறை அழுதபிறகு ஒன்பதே முக்காலுக்கே சேவ் செய்யப் பழகினேன். காலி கேசட்டுக்குக் காசு ஏது? பாட்டியின் முருகன் பாட்டுக் கேசட்டில், மேலே உடைத்திருந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்துப் பதிவு செய்தேன்.

தைப்பூசத்தன்று விடிகாலை பாட்டி அதைப் போட்டார். பாட்டு பாதியில் கீச்சென்று மாறியது. "முருகனுக்கு என்னடா ஆச்சு?"

நான் போர்வைக்குள் தூங்குவதுபோல் கிடந்தேன்.