ஜாம் இயற்பியல்: இரண்டாவது முறை நான் மாற்றிய ஒரே விஷயம்

ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. ரேங்க் 412. போன வருடம் கட்-ஆஃபையே தொடவில்லை. நடுவில் நடந்தது மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜாம் என்பது ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர, கம்ப்யூட்டரில் எழுதும் நுழைவுத் தேர்வு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். பி.எஸ்சி. புதுக்கோட்டைப் பக்கம். முதல் முறை தோற்றதும், "கோச்சிங் போகல, இங்கிலீஷும் தடுமாறுது, அதான்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். நானும் அதை நம்பினேன். அப்பா திட்டவில்லை. "அடுத்து என்னம்மா பண்ணப்போற?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவுதான் என் விடைப் பதிவையும் ஆன்சர் கீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 60 கேள்விகளையும் உட்கார்ந்து எண்ணினேன். சரியாகப் போட்டது 17. பாடமே தெரியாதது 14. தொடாமல் விட்டது 11. தெரிந்திருந்தும் தப்பாகப் போட்டது 18.

அந்த 18-ஐப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கோச்சிங் போயிருந்தாலும் அவை போயிருக்கும். தொடாத 11-இல் ஆறு என்.ஏ.டி. கேள்விகள், அதாவது விடையை எண்ணாகவே தட்டச்சு செய்ய வேண்டியவை. மைனஸ் மார்க்கே இல்லாத பகுதி அது! ஏ பிரிவில் (நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் எம்.சி.கியூ.) ஒரே ஒளியியல் கணக்கோடு 25 நிமிடம் மல்லுக்கட்டியதில் அங்கே போகவே நேரமில்லை.

அதன்பிறகு ஒரு தப்பு நோட்டு போட்டேன். நிறையப் பேர் போடுகிறார்கள், தெரியும். ஆனால் பெரும்பாலும் கேள்வியையும் சரியான விடையையும் எழுதிவிட்டு, பக்கத்தில் "கவனக்குறைவு" என்று போட்டு மூடிவிடுகிறோம். நானும் முதல் மாதம் அப்படித்தான் செய்தேன், ஒரு பயனும் இல்லை. அப்புறம் அந்தச் சொல்லையே எழுதக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். கை எந்த வரியில் வழுக்கியது, அந்த நொடியில் என்ன நினைத்தேன் என்று எழுத வேண்டும்.

ஒரு உதாரணம். வெப்பம் கடத்தாத பெட்டி, நடுவில் தடுப்பு, ஒரு பக்கம் நல்லியல்பு வாயு, மறுபக்கம் வெற்றிடம். தடுப்பை எடுத்தால் பருமன் இரட்டிப்பாகிறது, வெப்பநிலை என்ன ஆகும்? நான் TV^(γ−1) மாறிலி என்ற சூத்திரத்தைப் போட்டு, வெப்பநிலை குறையும் என்று எழுதினேன். உண்மையில் வெப்பநிலை மாறாது. அந்தச் சூத்திரம் மெதுவாக நடந்து அப்படியே திருப்பக்கூடிய மீள் நிகழ்வுக்குத்தான். வாயு வேலையே செய்யவில்லை, வெப்பமும் உள்ளே வரவில்லை, அதனால் அக ஆற்றல் அப்படியே இருக்கிறது. என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மட்டும் nR ln 2 கூடுகிறது. நோட்டில் நான் எழுதியது: "வெப்பம் போகவில்லை என்று படித்ததும் சூத்திரத்துக்குப் பாய்ந்தேன். மீள் நிகழ்வா என்று கேட்கவில்லை." இதே வரியை வேறு வேறு கணக்குகளுக்கு ஏழு முறை எழுதியிருக்கிறேன். ஏழாவது முறைதான் புரிந்தது. எனக்கு வெப்ப இயக்கவியல் தெரியும், சூத்திரம் எங்கே பொருந்தும் என்று பார்க்கும் பழக்கம்தான் இல்லை. பிறகு ஒவ்வொரு சூத்திரத்தின் கீழும் அதன் நிபந்தனையைச் சிவப்பில் எழுதினேன். இந்த ஒரு வேலையை மட்டுமாவது செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மற்றவை சுருக்கமாக:

- திரையில் வரும் கால்குலேட்டரிலேயே பழகுங்கள். டிகிரியா ரேடியனா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். cos 2 ரேடியனில் −0.416, டிகிரியில் 0.999. மாக் (மாதிரி) தேர்வில் இதனால் இரண்டு முறை மார்க் போனது.
- நான் முதலில் என்.ஏ.டி., அடுத்து எம்.சி.கியூ., கடைசியில் எம்.எஸ்.கியூ. (ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம்) போட்டேன். எம்.எஸ்.கியூ.வில் பாதி சரிக்குப் பாதி மார்க் கிடையாது.
- ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் ஆனால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.
- 2015-க்குப் பிறகு வந்த தாள்களை மூன்று மணி நேரம் வைத்து முழுதாக எழுதுங்கள்.
- வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும். நிறுத்திவிட்டு வெற்றுத்தாளில் போடுங்கள்.
- தனியாகப் படியுங்கள். குழுவில் படிப்பது எனக்கு ஒத்துவரவே இல்லை.

தமிழ் வழியில் வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. திருப்பு விசை, நிலைமத் திருப்புத்திறன் என்று தமிழில் மனதில் ஊறியதை விட்டுவிடாதீர்கள். நான் இப்போதும் தமிழில்தான் யோசிக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ச் சொற்களுக்கு எதிரெதிரே இரண்டு வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன், சுமார் 300 சொற்கள், ஒரு மாதத்தில் பழகிவிட்டது. கேள்வியில் வரும் "NOT" (இல்லை) என்ற சொல்லை மட்டும் பென்சிலால் ரஃப் தாளில் எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடுவேன்.

பிப்ரவரியில் எழுதிய தேர்வில் அந்தப் பெட்டிக் கணக்கு வரவில்லை. வேறொரு வாயுக் கணக்கு வந்தது. சூத்திரத்தை எழுதப் போன கை தானாக நின்றது. மறுபடி கேள்வியைப் படித்தேன். அதற்கான இரண்டு மார்க் இந்த முறை என் கணக்கில் இருக்கிறது.