கையெழுத்துக்காகக் காத்திருந்த படுக்கை

இரண்டு மருத்துவமனைகளில் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு படுக்கைகள், ஒரே தரத்தில் கருவிகள். லேப்ராஸ்கோபி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, பித்தப்பையை எடுத்துக்கொண்டவர் ஓரிடத்தில் மறுநாளே வீட்டுக்குப் போனார். இன்னோரிடத்தில் மூன்றாம் நாள், சிலர் நான்காம் நாள்.

அதிக நாள் தங்க வைத்த இடத்துக்கு உடல்நிலை மோசமானவர்கள் வருகிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. ஃபைல்களை எடுத்து வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. சரி, நேரிலேயே பார்ப்போம் என்று ஒருநாள் காலை வார்டில் போய் உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்கு ஓர் அம்மாவிடம் "இன்னைக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவர் உடனே உடை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஃபைல் நர்ஸ் மேசையில் கிடந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டியவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அவர் வந்தபோது மணி ஒன்று. பிறகு மிச்ச மருந்துகளைத் திருப்பி எடுக்க வேண்டும், பில் போட வேண்டும். இன்சூரன்ஸ் அனுமதி மறுநாள்தான் வந்தது. அங்கே யாரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு ஒருநாள் படுக்கைக் கட்டணம் கூடியது. கீழே அவசரப் பிரிவில் ஒருவர் படுக்கை கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார்.

இன்னொரு மருத்துவமனையில் சம்மரியை முந்தின நாள் மாலையே எழுதி வைத்துவிடுவார்கள். காலையில் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும். நான் பார்த்தவரை பெரிய வேறுபாடு அதுதான்.

சிகிச்சை நோயைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை, இடத்தைப் பொறுத்தும் மாறுகிறது என்பதை 1973-லேயே ஜான் வென்பெர்க், ஆலன் கிட்டல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்குள்ளேயே டான்சில் அறுவை சிகிச்சை விகிதம் பகுதிக்குப் பகுதி பத்து மடங்குக்கும் மேல் வேறுபட்டது. அங்கே ஊருக்கு ஊர் தொண்டையா மாறியிருக்கும்?

இதையெல்லாம் படித்த பிறகு, தங்கும் நாள் குறைந்தாலே நல்ல மருத்துவமனை என்று நம்பிவிட்டேன். அது தப்பு. குறைந்த நாள் தங்க வைத்த இடத்தில் ஒரு பெரியவர் சீக்கிரமே அனுப்பப்பட்டார். ஐந்தாம் நாள் காய்ச்சலோடு திரும்பி வந்தார், தையல் போட்ட இடத்தில் சீழ். மூன்று நாள் இருந்து தேறிப் போனார். மாதாந்தர அறிக்கையில் அவர் ஓர் ஆள் இல்லை, இரண்டு அட்மிஷன். இரண்டுமே குறுகிய நாட்கள். அவர் பட்ட அவஸ்தை தங்கும் நாட்களின் சராசரியை இன்னும் அழகாக்கியிருந்தது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் நோயாளி எண்ணை வைத்து, முப்பது நாளுக்குள் திரும்பி வந்தவர்களுக்குத் தனிப் பத்தி போட்டேன். செலவு, தங்கிய நாள் இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் இப்போது பார்க்கிறோம். ஆனால் காய்ச்சல் வந்து வேறு மருத்துவமனைக்குப் போனவர் அந்தப் பத்தியிலும் வரமாட்டார். அதனால் வாரத்தில் ஒருநாள் ஒரு நர்ஸும் நானும் உட்கார்ந்து, வீட்டுக்குப் போனவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுகிறோம். "காய்ச்சல் இருக்குதாம்மா? புண் ஆறிடுச்சா? வேற எங்கயாவது காட்டினீங்களா?"