தொடங்கிய அழற்சி எப்படி நிற்கிறது?

உடலுக்குள் புகுந்த ஒட்டுண்ணி கொஞ்சம்தான், ஆனால் முயல் எலும்பும் தோலுமாகிவிடுகிறது, ரத்தத்திலோ கொழுப்பு ஏறிக் கிடக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஆன்டனி செராமியின் ஆய்வகத்தைக் குடைந்த புதிர் இது. டிரைபனோசோம் என்ற அந்த ஒட்டுண்ணி தொற்றிய விலங்கை உருக்குவது ஒட்டுண்ணி அல்ல, விலங்கின் சொந்த நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் ஏதோ ஒரு புரதம் என்று தேடிப்போய், அதற்கு கேக்கெக்டின் என்று பெயர் வைத்தார்கள். 1985-இல் புரூஸ் பாய்ட்லரும் செராமியும் அதைத் தூய்மையாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 1975-இல் வேறொரு குழு எலிகளின் புற்றுக் கட்டியைக் கருக வைக்கிறது என்று கண்டு பெயரிட்டிருந்த டி.என்.எஃப் என்ற சைட்டோகைனும் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதம், இது அழற்சியைத் தூண்டும்) இதுவும் ஒன்றே என்று. ஒரே புரதம் ஓர் இடத்தில் கட்டியைக் கருக்குகிறது, இன்னோர் இடத்தில் விலங்கையே கரைக்கிறது.

இதைப் படித்ததிலிருந்து "அழற்சி கெட்டது, குறைத்தால் நல்லது" என்ற ஒற்றை வரிப் பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை. சைட்டோகைன் செல்லுக்குள் நுழைவதுகூட இல்லை, வெளியே ஏற்பியில் ஒட்டுகிறது, அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் கைனேஸ்கள்.

கைனேஸ் செய்யும் வேலை பார்க்கச் சின்னது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி-யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் செரின், திரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஒட்ட வைக்கும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவமோ, கூட்டாளியோ, இருக்கும் இடமோ மாறும். பாஸ்படேஸ் என்ற நொதி வந்து அதைப் பிடுங்கினால் பழையபடி ஆகிவிடும். முயல் தசையில் 1950-களில் இதைக் கண்டுபிடித்த எட்வின் கிரெப்ஸுக்கும் எட்மண்ட் ஃபிஷருக்கும் 1992-இல்தான் நோபல் வந்தது. மனித மரபணுத் தொகுதியில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன.

டி.என்.எஃப் ஏற்பியில் ஒட்டியதும் ஐ.கே.கே என்ற கைனேஸ் விழிக்கிறது. என்.எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை உட்கருவுக்குள் போகவிடாமல் வெளியிலேயே பிடித்து வைத்திருக்கும் ஐ-கப்பா-பி மீது இது பாஸ்பேட்டை ஒட்டுகிறது, அந்த அடையாளம் விழுந்தவுடன் ஐ-கப்பா-பி சிதைக்கப்படுகிறது, விடுபட்ட என்.எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை வரிசையாக முடுக்கி விடுகிறது. பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே நின்றுவிடும், எனக்கோ கதை இங்கேதான் தொடங்குகிறது. அது முடுக்கிவிடும் மரபணுக்களில் ஒன்று ஐ-கப்பா-பி-யின் மரபணுவேதான்! தன்னைப் பிடித்து வெளியே கொண்டுவரப் போகும் புரதத்தை அதுவே செய்ய வைக்கிறது. டி.என்.எஃப் தொடர்ந்து இருந்தால் மறுபடி சிதைவு, மறுபடி நுழைவு. ஒற்றைச் செல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் என்.எஃப்-கப்பா-பி சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கருவுக்குள் போய்வருவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதே பாதை செல்லை உயிரோடும் வைத்திருக்கிறது. டி.என்.எஃப் மட்டும் பட்டால் பெரும்பாலான செல்கள் சாவதில்லை, ஏனென்றால் என்.எஃப்-கப்பா-பி அதற்குள் காப்புப் புரதங்களைச் செய்ய வைத்துவிடுகிறது. புதிய புரதம் உருவாவதைத் தடுத்துவிட்டு அதே டி.என்.எஃப்-ஐக் கொடுத்தால் அதே செல் செத்துப் போகும். அப்படியென்றால் டி.என்.எஃப் கொல்லும் புரதமா, எச்சரிக்கும் புரதமா? வாங்கிக்கொள்ளும் செல்லின் நிலையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொழுப்புச் செல்லைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு பதில் வரும். அங்கே டி.என்.எஃப் ஜே.என்.கே என்ற கைனேஸைத் தூண்டுகிறது, அது இன்சுலின் சமிக்ஞையைக் கடத்தும் ஐ.ஆர்.எஸ்-1 மீது தவறான இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டி வைக்க, இன்சுலின் வந்தும் செல் சரியாகக் கேட்பதில்லை.

இன்டர்லியூகின்-6 என்ற இன்னொரு சைட்டோகைன் போகும் வழி இன்னும் நேரடியானது. ஜாக் கைனேஸ்கள் ஏற்பியின் வாலிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், அவை ஸ்டாட் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டியதும் ஸ்டாட் நேராக உட்கருவுக்குப் போய்விடும். இங்கும் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, ஸ்டாட்-3 செய்ய வைக்கும் எஸ்.ஓ.சி.எஸ்-3 என்ற புரதம் திரும்பி வந்து ஜாக்கை அடக்குகிறது. ஜாக் அடங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜாக்-2 புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறும் வி617எஃப் பிறழ்வு போதும். 2005-இல் கண்டறியப்பட்ட இது சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகும் பாலிசைதீமியா வீரா நோயாளிகளில் பெரும்பாலானவர்களிடம் இருக்கிறது. கைனேஸ் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது.

சரி, விலங்கில் பார்த்தது மனிதச் செல்லுக்குப் பொருந்துமா? பாதை பெரும்பாலும் ஒன்றுதான். நாயின் தோல் அரிப்பில் இன்டர்லியூகின்-31 என்ற சைட்டோகைனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதன் சமிக்ஞையை ஜாக் வழியே தடுக்கும் ஓக்லாசிட்டினிப் என்ற மருந்து 2013-இல் நாய்களுக்கு அங்கீகரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மனிதர்களின் மூட்டழற்சி நோயான முடக்குவாதத்துக்கு டோஃபாசிட்டினிப் என்ற ஜாக் தடுப்பி வந்திருந்தது. ஆனால் பாதை ஒன்று என்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. எலியின் இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைன் மனிதச் செல்லில் வேலை செய்யாது. பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சை எலி தாங்கும் அளவில் ஒரு சிறு பங்கே மனிதனைப் படுக்க வைத்துவிடும்.

இதில் மறக்கக் கூடாத நிகழ்வு 2006 மார்ச்சில் லண்டனில் நடந்தது. டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் டி.ஜி.என்-1412 என்ற எதிர்ப்புரதத்தை ஆரோக்கியமான 6 இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள், குரங்குகள் பத்திரமாகத் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, ஆறு பேருக்கும் சைட்டோகைன்கள் கட்டுமீறிச் சுரக்கும் 'சைட்டோகைன் புயல்' தொடங்கிவிட்டது, உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின, அறுவரும் உயிர் தப்பியது தீவிர சிகிச்சையால். அந்த மருந்து ஒட்டும் சி.டி-28 என்ற புரதம் மனிதனின் ஒரு வகை நினைவு டி செல்களில் இருக்கிறது, குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை என்று பின்னால் தெரிந்தது. எலியில் அழற்சி அடங்கியது என்ற செய்தியை யாராவது அனுப்பினால் நான் முதலில் நினைப்பது இந்த ஆறு பேரைத்தான்.

நிறுத்தும் வழியையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு பி38 கைனேஸ் இருக்கிறது. சைட்டோகைன் உற்பத்தியில் அதற்குப் பெரிய பங்கு என்று தெரிந்ததும் அதைத் தடுக்கும் மருந்துகளைப் பல நிறுவனங்கள் முடக்குவாத நோயாளிகளிடம் சோதித்தன. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி என்ற புரதம் முதலில் இறங்கியது, சில வாரங்களில் மறுபடி ஏறிவிட்டது. பி38 தனக்கு மேலே இருக்கும் டாக்-1 என்ற கைனேஸை அடக்கியும் வைக்கிறது, பி38-ஐத் தடுத்தால் அந்தப் பிடியும் சேர்ந்து போய்விடுகிறது என்பதே இதற்கு நான் நம்பும் விளக்கம்.

ஜாக் தடுப்பிகள் அப்படித் தோற்கவில்லை, நிறையப் பேருக்கு மூட்டுகளை மீட்டுத் தந்திருக்கின்றன. ஆனால் மாரடைப்பு, ரத்தக்கட்டு, புற்று அபாயம் குறித்து 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை சேர்த்தது.

அப்புறம், இந்த மருந்துகளில் இருப்பவர்களும் வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. கல்லீரல் சி.ஆர்.பி-யைச் செய்வது முக்கியமாக இன்டர்லியூகின்-6 சொல்வதால்தான், காய்ச்சலிலும் அதற்குப் பங்கு உண்டு. இன்டர்லியூகின்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் எடுப்பவருக்குத் தீவிரமான தொற்று வந்தாலும் சி.ஆர்.பி ஏறாமலே இருக்கலாம், காய்ச்சலும் தெரியாமல் போகலாம். ஆகவே உடம்பு சரியில்லை என்று போகும்போது எந்த மருத்துவராக இருந்தாலும் இந்த மருந்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ரத்தப் பரிசோதனை இயல்பாக வந்ததைப் பார்த்துத் தொற்று இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.